கட்சி அட்டை இல்லாதவர்

எர்வின் ரோம்மலைப் பற்றித் தமிழில் யார் பேச ஆரம்பித்தாலும் மூன்றாவது நிமிடத்தில் ஒரு வாக்கியம் வந்து விழுந்துவிடும்: 'அவர் கடைசி வரைக்கும் நாஜிக் கட்சியில சேரவே இல்ல.' யூடியூப் காணொளி, முகநூல் பதிவு, புத்தகக் கண்காட்சியில் வாங்கும் மலிவு விலை வாழ்க்கை வரலாறு, எதுவானாலும் சரி. அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது சொல்பவர் குரலில் ஒரு நிம்மதி இருக்கும். அப்பாடா, இனிமேல் தாராளமா ரசிக்கலாம் என்கிற நிம்மதி.

வாக்கியம் உண்மைதான். ரோம்மலிடம் கட்சி அட்டை இருந்ததில்லை. ஏன் இருந்ததில்லை என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. 1921 மார்ச்சில் ஜெர்மன் குடியரசு கொண்டுவந்த ராணுவச் சட்டத்தின்படி, பணியில் இருக்கும் சிப்பாயோ அதிகாரியோ எந்த அரசியல் கட்சியிலும் உறுப்பினராக இருக்கக் கூடாது. கூட்டத்துக்குப் போகக் கூடாது. ஓட்டுப் போடவும் முடியாது, வாக்குரிமை நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. ஹிட்லர் வந்த பிறகு 1935இல் எழுதப்பட்ட சட்டத்திலும் பணிக்காலத்தில் கட்சி உறுப்பினர் நிலை செல்லாது என்ற ஏற்பாடு தொடர்ந்தது. அது நீக்கப்பட்டது 1944 செப்டம்பரில். ரோம்மல் செத்தது அதற்கு அடுத்த மாதம். ஆக, அவர் கட்சியில் சேரவில்லை என்பது சைவ ஹோட்டலில் சாப்பிட்ட ஒருவரைப் பார்த்து 'என்ன ஒரு கட்டுப்பாடு, மீனையே தொடல' என்று வியப்பது மாதிரி.

இதைச் சொன்னால் 'சரி விடுங்க, ஆனா அவர் ஒரு ப்ரொஃபஷனல் சோல்ஜர்' என்று அடுத்த வாக்கியம் வரும். எனக்குச் சண்டை அந்த வாக்கியத்தோடுதான். அது எப்படிப்பட்ட தொழில், அதில் எப்படி முன்னேறினார், அதற்கு என்ன விலை கொடுத்தார் என்று பார்க்காமல் அந்தச் சொல்லை ஒரு நற்சான்றிதழ் போல நீட்டுகிறோம். பார்க்க வேண்டிய இடம் பாலைவனம் இல்லை. 1918 நவம்பருக்கும் 1939 செப்டம்பருக்கும் நடுவில் இருக்கிற இருபத்தோரு வருஷம். வாழ்க்கை வரலாறுகள் அதை இரண்டு பக்கத்தில் தாண்டிவிடும். சண்டை இல்லை, டாங்க் இல்லை, சுவாரஸ்யம் இல்லை. ஆனால் ஆள் உருவானது அங்கேதான்.

ரோம்மல் 1891இல் வுர்ட்டம்பெர்க் பகுதியிலுள்ள ஹைடன்ஹைம் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா பள்ளி ஆசிரியர், பிறகு தலைமையாசிரியர். பிரஷ்ய ஜமீன் பரம்பரை கிடையாது, பெயருக்கு முன்னால் 'ஃபொன்' கிடையாது. இதை நினைவில் வையுங்கள், பிறகு உதவும். முதல் உலகப்போரில் 1917 அக்டோபரில் இத்தாலி எல்லையில் மத்தாயூர் என்ற மலையைப் பிடித்தார். சுமார் 52 மணி நேரத்தில் சில நூறு பேரை வைத்துக்கொண்டு ஏறத்தாழ 9,000 பேரைச் சிறைப்பிடித்தார். அன்றைய உச்ச விருதான 'பூர் ல மெரித்' கிடைத்தது. அப்போது வயது 26. அசாத்தியமான ஆள்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அடுத்த வருஷம் ஜெர்மனி தோற்றது. வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மன் ராணுவத்தை ஒரு லட்சம் பேராகக் குறைத்தது. அதில் அதிகாரிகள் 4,000 பேர் மட்டும். டாங்க் கூடாது, விமானப்படை கூடாது, தலைமைப் படைத்தலைமையகம் கூடாது. பல்லாயிரம் அதிகாரிகள் வேலையில்லாமல் தெருவுக்கு வந்தார்கள். ரோம்மல் உள்ளே இருந்தார். அந்த நாலாயிரத்தில் ஒருவர். இந்த எண்ணை வெறும் புள்ளிவிவரமாகப் படிக்கக் கூடாது. பணவீக்கத்தில் தட்டு முட்டு சாமான் விற்றுச் சாப்பிட்ட நாட்டில், 25 வருஷத்துக்கு நிரந்தரமான சீருடையும் சம்பளமும் கிடைத்த நாலாயிரம் பேர். குடியரசு அவர்களுக்குச் சோறு போட்டது. அவர்களில் பெரும்பாலானவர்கள் அந்தக் குடியரசை உள்ளூர வெறுத்தார்கள்.

1919இல் ரோம்மலை ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபனுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த ஒரு காவல் கம்பெனியில் கம்யூனிஸ்ட் ஆதரவு மாலுமிகள், யார் சொல்லும் கேட்காதவர்கள். துப்பாக்கியைத் தூக்காமலே அவர்களை வழிக்குக் கொண்டுவந்தார். பக்கத்து ஊரான லிண்டாவைப் புரட்சிக்காரர்கள் பிடித்து வைத்திருந்தபோது அதன்மீது படையெடுக்கவும் அவர் போகவில்லை. ரத்தம் சிந்தாமல் முடிந்தது. இது அவர் கணக்கில் வரவு. எழுதிவிடுகிறேன்.

ஆனால் அவர் சேர்ந்திருந்த ராணுவம் என்ன செய்தது என்பதும் அதே கணக்கில் வரவேண்டுமே. 1920 மார்ச்சில் காப் என்பவரும் சில தளபதிகளும் சேர்ந்து பெர்லினில் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். அரசு ராணுவத்தைக் கூப்பிட்டது. ராணுவம் ராணுவத்தைச் சுடாது என்று சொல்லி ஜெனரல் ஸேக்ட் கையை விரித்துவிட்டார். குடியரசைக் காப்பாற்றியது தொழிலாளர்களின் பொது வேலைநிறுத்தம். நாலைந்து நாளில் காப் ஓடிப்போனார். அதற்கடுத்த சில வாரங்களில், ரூர் பகுதியில் ஆயுதத்தோடு எழுந்த அதே தொழிலாளர்களை அடக்க அதே ராணுவத்தை அனுப்பினார்கள். இப்போது சுடுவதில் எந்தத் தயக்கமும் இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் செத்தார்கள். இதற்குப் பெயர்தான் 'அரசியல் சார்பற்ற ராணுவம்'. அந்தச் சொல்லை ஸேக்ட் ஒரு கொள்கையாகவே வளர்த்தார். கட்சிச் சண்டைகளுக்கு மேலே நிற்கும் ராணுவம். யாரைச் சுடலாம், யாரைச் சுடக் கூடாது என்று மட்டும் அதற்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ரோம்மல் 1920 அக்டோபரில் ஸ்டுட்கார்ட்டில் ஒரு கம்பெனித் தலைவராக வந்து சேர்ந்தார். ஒன்பது வருஷம் அங்கேயே. 1918இல் கேப்டன். 1932இல்தான் மேஜர். பதினாலு வருஷம் ஒரே பதவி. நம்மூர் அரசு அலுவலகத்தில் ப்ரமோஷன் வராமல் கிடக்கும் ஒருவரின் முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த முகத்தில் நாட்டின் உச்ச விருது பதக்கத்தையும் மாட்டிப் பாருங்கள். அந்த வருஷங்களில் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டினார். பனிச்சறுக்கு, வயலின், தபால்தலை. தன் பழைய மலைப் படைப்பிரிவின் வீரர்களுக்காக ஒரு சங்கம் நடத்தினார். 1927இல் மனைவி லூசியோடு இத்தாலிக்குப் போய், தான் ஜெயித்த மலைகளைச் சுற்றிக் காட்டினார். தோற்ற ஊர்க்காரர்களுக்கு அந்தச் சுற்றுலா அவ்வளவாக ரசிக்கவில்லை.

வயலின் விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன். எல்லா வாழ்க்கை வரலாற்றிலும் இந்த வயலின் வந்துவிடுகிறது. ராணுவ அதிகாரி வாத்தியம் வாசித்தால் நமக்கு உடனே மனம் இளகிவிடும். இலக்கிய வாசகர்களான நாம் இதில் இன்னும் மோசம். ரசனை உள்ளவன் கெட்டவனாக இருக்க மாட்டான் என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை, ஆனாலும் நம்புகிறோம். ஹைட்ரிஹ் ரோம்மலைவிடப் பல மடங்கு நன்றாக வயலின் வாசிப்பான். அப்பா ஓர் இசைப்பள்ளியையே நடத்தியவர்.

1929இல் ரோம்மல் ட்ரெஸ்டன் காலாட்படைப் பள்ளிக்கு ஆசிரியராகப் போனார். அப்பாவின் ரத்தம், நன்றாகச் சொல்லிக்கொடுப்பார். தன் பழைய சண்டைகளையே பாடமாக நடத்தினார். கரும்பலகையில் மலையை வரைந்து, நான் இங்கே நின்றேன், எதிரி அங்கே, நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்கும் முறை. இந்த வகுப்புக் குறிப்புகளிலிருந்து பிறந்ததுதான் 1937இல் வந்த 'காலாட்படை தாக்குகிறது' என்ற புத்தகம்.

அதே 1929இல் அதே போரைப் பற்றி இன்னொருவரின் புத்தகம் வெளிவந்தது. ரெமார்க்கின் 'மேற்கு முனையில் எல்லாம் அமைதி'. ஒன்று தளபதி கண்ட போர், இன்னொன்று கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட பையன் கண்ட போர். ரெமார்க்கின் புத்தகத்தை 1933 மே மாதம் தெருவில் போட்டு எரித்தார்கள். 1938இல் அவருடைய குடியுரிமையைப் பறித்தார்கள். ரோம்மலின் புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. ஹிட்லர் படித்தார், பாராட்டினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்று இளம் வாசகர்களுக்குப் பரிந்துரைக்கிறேன். போர் இலக்கியம் பற்றிப் பத்துக் கருத்தரங்குகள் சொல்லித் தராததை அது சொல்லித் தரும்.

ஆங்கில மொழிபெயர்ப்பில் ரோம்மலை நான் இரண்டு முறை படித்திருக்கிறேன். மறைக்க வேண்டியதில்லை, நல்ல புத்தகம். வாக்கியங்கள் சிறியவை. பனி, பசி, வயிற்றுவலி, மண்ணைத் தோண்டுவது, துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே படுத்திருப்பது எல்லாம் துல்லியமாக வரும். 1914 ஆகஸ்ட்டில் பெல்ஜியத்தில் ப்ளேட் என்ற கிராமத்தில் மூடுபனிக்குள் நடக்கும் முதல் மோதல், சிறுகதை எழுதுகிறவர்கள் படிக்க வேண்டிய இடம். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் 'கவனிக்க வேண்டியவை' என்று ஒரு பகுதி. எது சரியாக நடந்தது, எது தவறு, அடுத்த முறை என்ன செய்யலாம். சண்டை, பாடம். சண்டை, பாடம். பெல்ஜியம், ஆர்கான், ருமேனியா, இத்தாலி.

இரண்டாம் முறை படிக்கும்போதுதான் உறைத்தது. அந்தப் பாடங்களில் ஒன்றுகூட, பெல்ஜியத்தில் நாம் ஏன் இருந்தோம் என்று கேட்பதில்லை. ஜெர்மனி தோற்றது என்பதே ஏதோ வானிலை மாற்றம் போலத்தான் வருகிறது. நான்கு வருஷம், லட்சோப லட்சம் பிணங்கள், அதிலிருந்து இந்த மனிதர் எடுத்துக்கொண்ட பாடம்: பதுங்குகுழியை உடனே தோண்டு, பக்கவாட்டிலிருந்து தாக்கு, எதிரி யோசிப்பதற்குள் நகர்ந்துவிடு. 'அவர் எழுதியது பயிற்சி நூல், அதுல போய் தத்துவம் தேடுறீங்களே' என்பீர்கள். சரி. ஆனால் அது எந்த வருஷம், எந்த ஊரில், யாருக்கான பயிற்சி? 1937, போட்ஸ்டாம். ஹிட்லர் கட்டாய ராணுவச் சேவையைத் திரும்பக் கொண்டுவந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. ரைன்லாந்துக்குள் படை போய் ஒரு வருஷம். அடுத்த போருக்குப் பையன்கள் வேண்டும், அந்தப் பையன்களுக்குக் கேள்வி இல்லாத ஒரு போர்க்கதை வேண்டும். அந்த நேரத்துக்கு அந்தப் புத்தகம் கச்சிதமாகப் பொருந்தியது. எழுதியவர் அப்படி நினைத்து எழுதினாரா என்று எனக்குக் கவலையில்லை.

இப்போது 1934. தேதிகளை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன். பிப்ரவரி 28: யூத வம்சாவளியினரை அரசு வேலையிலிருந்து நீக்கும் விதியைப் போர் அமைச்சர் ப்ளோம்பெர்க் ராணுவத்துக்கும் கொண்டுவருகிறார். சுமார் 70 பேர் வெளியே போகிறார்கள். அவர்களும் முந்தின போரில் சண்டை போட்டவர்கள்தான். ஜூன் 30: ஹிட்லர் தன் கட்சிக்காரர்களையே கொல்லும் இரவில், முன்னாள் பிரதமரும் ஜெனரலுமான ஷ்லைஷரை வீட்டுக்குள் புகுந்து சுடுகிறார்கள். தடுக்க வந்த மனைவியையும். ஜெனரல் ப்ரெடோவும் கொல்லப்படுகிறார். ராணுவம் தன் இரண்டு ஜெனரல்களின் கொலையைப் பற்றி மூச்சு விடவில்லை. ப்ளோம்பெர்க் ஹிட்லருக்கு நன்றி சொல்கிறார். ஆகஸ்ட் 2: கிழட்டு ஜனாதிபதி ஹிண்டன்பர்க் சாகிறார். அன்றே ராணுவம் முழுவதும் அரசியல் சட்டத்தின் பெயரால் அல்லாமல் அடால்ஃப் ஹிட்லர் என்ற மனிதரின் பெயரால் சத்தியம் செய்கிறது. செப்டம்பர் 30: கோஸ்லார் நகரில் ஒரு பட்டாலியனை ஹிட்லர் பார்வையிடுகிறார். பட்டாலியனின் தளபதி, லெப்டினன்ட் கர்னல் எர்வின் ரோம்மல். முதல் சந்திப்பு.

1918 முதல் 1932 வரை ஒரு படி. 1932 முதல் 1939க்குள் மேஜர், லெப்டினன்ட் கர்னல், கர்னல், மேஜர் ஜெனரல். ராணுவம் பெருகியது, எல்லோருக்கும்தான் பதவி உயர்ந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த உயர்வை அவர் எப்படிப் பார்த்திருப்பார் என்று யோசியுங்கள். பரம்பரை ஜமீன்தார்கள் நிறைந்த ராணுவத்தில் வாத்தியார் மகன். தலைமைப் படைத்தலைமையகப் பயிற்சிக்குப் போகாதவர். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, புத்தகத்தைப் படித்து, தோளில் தட்டியவர் ஆஸ்திரியாவிலிருந்து வந்த முன்னாள் கார்ப்பரல். ரோம்மலுக்கு ஹிட்லரைப் பிடித்துப்போனது. லூசிக்கு எழுதிய கடிதங்களில் அந்தப் பிரியம் ஒளிவு மறைவில்லாமல் இருக்கிறது. வெறும் கடமை என்று எழுதியவர் கைக்கு அவ்வளவு உற்சாகம் வராது.

1937 பிப்ரவரியில் அவரை ஹிட்லர் இளைஞர் படைக்கும் போர் அமைச்சகத்துக்கும் இடையில் தொடர்பு அதிகாரியாகப் போட்டார்கள். சின்னப் பையன்களுக்கு ராணுவ முன்பயிற்சி. அதன் தலைவர் ஷீராஹுக்கு அப்போது வயது 29. இருவருக்கும் ஒத்துவரவில்லை. 'பாத்தீங்களா, நாஜியோட சண்டை போட்டிருக்காரு' என்று நம் ரசிகர்கள் குதிப்பது இங்கேதான். சண்டை எதைப் பற்றி? பையன்களின் பயிற்சி யார் கையில் இருக்க வேண்டும், கட்சியின் கையிலா ராணுவத்தின் கையிலா என்பதைப் பற்றி. பையன்களை விட்டுவிடலாமே என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. பங்காளிச் சண்டையைப் போய்க் கொள்கைச் சண்டை என்று சொல்லக் கூடாது.

1938 அக்டோபர், செக்கோஸ்லோவாகியாவின் சுதேட்டன் பகுதிக்குள் ஹிட்லர் நுழைந்தபோது அவருடைய மெய்க்காவல் பட்டாலியனுக்குத் தலைவர் ரோம்மல். நவம்பர் 10, வீனர் நாய்ஷ்டாட்டில் இருந்த ராணுவப் பள்ளிக்குத் தலைவராக நியமனம். மரியா தெரேசா காலத்து அரண்மனைப் பள்ளி அது, ஊரும் அழகான ஊர். தம்பதிக்கு மிகவும் பிடித்த இடம் என்று எல்லா நூல்களிலும் வருகிறது. நவம்பர் 10 என்பது என்ன தேதி? அதற்கு முந்தின இரவுதான் ஜெர்மனி, ஆஸ்திரியா முழுக்க யூதக் கோயில்கள் எரிந்தன. கடைக் கண்ணாடிகள் நொறுங்கின. சுமார் 30,000 யூத ஆண்களைப் பிடித்து வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். ரோம்மல் யாரையும் அடித்தார் என்று நான் சொல்லவில்லை, அவர் அடிக்கவில்லை. நியமன உத்தரவின் தேதியைத்தான் சொல்கிறேன். அன்று காலை பேப்பர் படித்த ஒவ்வொருவருக்கும் தெரிந்தது அவருக்கும் தெரியும்.

1939 மார்ச், ப்ராக். ஹிட்லர் எல்லையில் நிற்கிறார், பனி, காவல்படை இன்னும் வந்து சேரவில்லை. போகலாமா வேண்டாமா? ரோம்மல் சொல்கிறார்: திறந்த காரில் ஏறி நேராகக் கோட்டைக்குப் போங்கள். இது எதிரிகள் கட்டிய கதை இல்லை, ரோம்மலே பிற்பாடு பெருமையாகச் சொன்னது. நாடு ஒன்று அழிக்கப்படும் தினத்தில், தயங்கி நின்ற சர்வாதிகாரியிடம் தைரியம் சொன்னவரைத்தான் நாம் அரசியல் தெரியாத சிப்பாய் என்கிறோம். போலந்துப் போரில் மறுபடியும் மெய்க்காவல் தலைவர். போர் முடிந்ததும் என்ன வேண்டும் என்று ஹிட்லர் கேட்க, ஒரு டாங்க் டிவிஷன் வேண்டும் என்றார். டாங்க் படையில் ஒருநாளும் வேலை பார்க்காதவர். ராணுவப் பணியாளர் பிரிவு மலைப்படை ஒன்றைத் தரலாம் என்று நினைத்தது. 1940 பிப்ரவரியில் 7வது பன்சர் டிவிஷன் அவர் கைக்கு வந்தது. இதை நம்மூரில் 'ரெகமண்டேஷன்' என்போம். கிடைத்ததை வைத்து அவர் பிரான்ஸில் அசத்தினார் என்பது வேறு விஷயம்.

அது வேறு விஷயமே இல்லை என்பார்கள் இலக்கிய நண்பர்கள் சிலர். திறமைதான் அறம், தொழில் சுத்தம்தான் ஒழுக்கம், மற்றதெல்லாம் காலத்தின் குப்பை என்பது அவர்கள் கட்சி. கவிஞனை வரியை வைத்துப் பார், தச்சனை மூட்டை வைத்துப் பார், தளபதியைக் களத்தை வைத்துப் பார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தச்சன் செய்த கட்டிலில் யார் படுப்பார்கள் என்பது தச்சனுக்குத் தெரியாது. ரோம்மலுக்குத் தெரியும். அந்த இருபத்தோரு வருஷத்தில் அவருக்குச் சம்பளம் வந்ததும் பதவி வந்ததும் அவர் திறமைக்காக மட்டுமா? அவ்வளவு திறமையோடு எதையும் கேட்காமல் இருந்தாரே, அதற்காக. திறமைசாலிகள் அந்த ராணுவத்தில் நிறைய பேர் இருந்தார்கள். தலைமைப் படைத்தலைவராக இருந்த லுட்விக் பெக், செக்கோஸ்லோவாகியாமீது படையெடுக்கும் திட்டத்தை ஏற்க முடியாமல் 1938 ஆகஸ்ட்டில் வேலையை விட்டார். அவரும் ஆரம்பத்தில் ஹிட்லரை வரவேற்றவர்தான். பெக் வீட்டுக்குப் போன அதே இலையுதிர் காலத்தில்தான் ரோம்மல் மெய்க்காவல் பட்டாலியனில் போய் நின்றார்.

இப்படிப்பட்டவர் எப்படி எல்லோருக்கும் பிடித்த 'நல்ல ஜெர்மானியர்' ஆனார்? முதலில் கட்டியது கோயபல்ஸ். மக்களுக்குக் காட்ட அவருக்கு ஒரு நாயகன் தேவைப்பட்டது, ரோம்மலுக்கும் கேமரா என்றால் பிடிக்கும். அடுத்துக் கட்டியது பிரிட்டிஷார். பாலைவனத்தில் அடிமேல் அடி வாங்கியவர்களுக்கு, தோற்கடித்தவன் மேதை என்றால் கொஞ்சம் ஆறுதல். சர்ச்சில் 1942 ஜனவரியில் நாடாளுமன்றத்திலேயே அவரைப் புகழ்ந்தார். போருக்குப் பிறகு 1950இல் டெஸ்மண்ட் யங் எழுதிய வாழ்க்கை வரலாறு வந்தது. யங் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் பிரிகேடியர், ஆப்பிரிக்காவில் ரோம்மலின் படையிடம் கைதியானவர். முன்னுரை எழுதியவர் ஆக்கின்லெக், இந்தியாவின் கடைசித் தலைமைத் தளபதிகளில் ஒருவர். மறு வருஷமே ஜேம்ஸ் மேசன் நடிக்க ஹாலிவுட் படம். நாம் இன்றைக்குத் தமிழில் சொல்லும் ரோம்மல் கதையின் மூலம் பெரும்பாலும் இந்தப் புத்தகமும் இந்தப் படமும்தான்.

1950 என்ற வருஷத்தையும் பாருங்கள். பனிப்போர் தொடங்கிவிட்டது. மேற்கு ஜெர்மனிக்கு மறுபடி ராணுவம் வேண்டும். அந்த அக்டோபரில் ஹிம்மரோட் மடாலயத்தில் கூடிய பழைய ஹிட்லர் கால அதிகாரிகள் ஒரு அறிக்கை எழுதினார்கள். நாங்கள் வர வேண்டுமென்றால் ஜெர்மன் சிப்பாயைக் குற்றவாளி என்று பேசுவதை நிறுத்துங்கள் என்பது அதிலிருந்த நிபந்தனைகளில் ஒன்று. அங்கே முக்கியமான ஆள் ஹான்ஸ் ஷ்பைடல். ரோம்மலின் கடைசிக் காலத் தலைமை உதவியாளர், ரோம்மலைப் பற்றிய நல்ல கதைகளில் பாதிக்கு மூலவர். 1957இல் அவர் மத்திய ஐரோப்பாவில் நேட்டோ தரைப்படைகளின் தளபதியானார். அரசியல் சாராத, கறை படியாத ஒரு சிப்பாய் அப்போது தேவைப்பட்டார். தேவைக்கு ஏற்றபடி ஒருவரைத் தேடி எடுத்துத் துடைத்து வைத்தார்கள்.

நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். ரோம்மலை எதிர்த்த 4வது இந்திய டிவிஷனில் மெட்ராஸ் சாப்பர்ஸ் கம்பெனி ஒன்று இருந்தது. சாப்பருடைய வேலைகளில் ஒன்று, ராணுவம் நடப்பதற்கு முன்னால் மண்டியிட்டுக் கண்ணிவெடிகளைத் தடவி எடுப்பது. எல் அலமைனில் ரோம்மல் போட்ட கண்ணிவெடி வயல்களுக்கு 'சாத்தானின் தோட்டங்கள்' என்று பெயர், சுமார் 5 லட்சம் வெடிகள். தமிழில் ரோம்மலைப் பற்றி எழுதியவர்கள் அந்தத் தோட்டங்களின் வடிவமைப்பை வியந்திருக்கிறார்கள். மண்டியிட்ட ஆளைப் பற்றி ஒரு பத்தி எழுதியவர்களை நான் பார்க்கவில்லை. இரண்டு தரப்பும் விட்டுப்போன வெடிகளில் எகிப்தின் பதூயின் மேய்ப்பர்கள் பல தலைமுறையாகக் கை காலை இழக்கிறார்கள். ஹைடன்ஹைமில் ரோம்மலுக்கு 1961இல் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். 2020இல் அந்த நகராட்சியே அதன் முன்னால் கண்ணிவெடியில் கால் போன ஒருவரின் உருவத்தை நிறுத்தியது. அவர் சொந்த ஊர் அந்த அளவுக்கு வந்துவிட்டது. நாம் இன்னும் ஜேம்ஸ் மேசனிடமே நிற்கிறோம்.

அவருடைய படை கைதிகளைக் கண்ணியமாக நடத்தியது, கமாண்டோக்களைக் கொல்லச் சொன்ன ஹிட்லரின் உத்தரவை அவர் கடைப்பிடிக்கவில்லை. இரண்டும் உண்மை, இரண்டும் முக்கியம். கூடவே, 1942 ஜூலையில் அவருடைய படைக்குப் பின்னால் எகிப்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் போக வால்டர் ரௌஃப் தலைமையில் ஒரு கொலைக்குழு தயாராக இருந்தது என்பதும் உண்மை. ரோம்மல் ஜெயிக்கவில்லை, அதனால் அந்தக் குழுவுக்கு அங்கே வேலை வரவில்லை. கண்ணியமான தளபதி முன்னால் போவார், பின்னால் யார் வருவார்கள் என்று திரும்பிப் பார்க்க மாட்டார்.

கடைசியில் எல்லோரும் கொண்டுவந்து நிறுத்துவது 1944 அக்டோபர் 14ஐ. ஹிட்லர் கொலைச்சதியில் பெயர் அடிபட்டு, விசாரணையா விஷமா என்று கேட்கப்பட்டு, குடும்பத்தைக் காப்பாற்ற விஷத்தைத் தேர்ந்தெடுத்தார். சதியைப் பற்றி எவ்வளவு தெரிந்திருந்தார் என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். கொடுமையான சாவு. ஆனால் அந்த ஒரு நாளை வைத்து முந்தின பத்து வருஷத்தைப் பின்னோக்கிக் கழுவ முடியாது. நாலு நாள் கழித்து உல்ம் நகரில் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு. ஸ்வஸ்திகா கொடி போர்த்திய பெட்டி, ஹிட்லர் அனுப்பிய மலர்வளையம், ருண்ட்ஷ்டெட் வாசித்த இரங்கலுரை.

'அந்தக் காலத்துல வேற என்னதான் பண்ணியிருக்க முடியும்?' என்பது கடைசிக் கேள்வி. குர்ட் ஃபொன் ஹம்மர்ஷ்டைன் என்று ஒரு ஜெனரல் இருந்தார். 1930 முதல் ராணுவத்தின் தலைவர். பெரிய வீரக்கதை எதுவும் கிடையாது. சோம்பேறி என்று பெயர் வாங்கியவர், வேட்டைக்குப் போவதில் அதிக ஆர்வம். 1933 பிப்ரவரி 3 அன்று ஹிட்லர் கிழக்கு நாடுகளைப் பிடிக்கும் ஆசையைத் தளபதிகளிடம் வெளிப்படையாகப் பேசியதே இவர் வீட்டு விருந்தில்தான். ஹிட்லரைத் தடுக்க வேண்டிய நேரத்தில் அவரும் தடுக்கவில்லை. ஆனால் 1934 தொடக்கத்தில் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். ஷ்லைஷரைக் கொன்றபோது மற்ற ஜெனரல்கள் ஒதுங்கிக்கொள்ள, இறுதிச் சடங்குக்குக் கிளம்பிப் போனவர் இவர். எஸ்.எஸ்.காரர்கள் உள்ளே விடவில்லை. இவருடைய மகள்களில் இருவர் கம்யூனிஸ்டுகளோடு தொடர்பில் இருந்தார்கள். மகன்களில் இருவர் பிறகு 1944 சதியில் இருந்தார்கள். 1943 ஏப்ரலில் புற்றுநோயில் செத்தார். அரசு மரியாதை என்றால் பெட்டிமீது ஸ்வஸ்திகா கொடி வரும், அது வேண்டாம் என்று குடும்பம் மறுத்துவிட்டது. ஹிட்லர் இவருக்கும் ஒரு மலர்வளையம் அனுப்பினார். அதைப் பெர்லின் சுரங்க ரயிலிலேயே 'மறந்து' வைத்துவிட்டு வந்துவிட்டார்கள்.